கழன்ற செயினும் கசிகிற ரோலரும்

போன இதழில் ஹைட்ராலிக் ஹோஸ் பற்றி எழுதினேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஹோஸ் பற்றியே இல்லை. செயின், அதன் மேல் வண்டியைத் தாங்கி உருள்கிற ரோலர், செயினை இழுத்துச் சுற்றுகிற பல் சக்கரமான ஸ்ப்ராக்கெட் என்று வண்டியின் காலைப் பற்றித்தான். ஆச்சரியமில்லை, ஹிட்டாச்சி மாதிரி மண் வெட்டுகிற செயின் வண்டிக்கு அதன் ஆயுள் முழுக்க ஆகிற பராமரிப்புச் செலவில் பாதி வரை அடிப்பாகத்துக்கே போய்விடும் என்பது இந்தத் தொழிலில் பொதுவாகச் சொல்கிற கணக்கு. சரி, இந்த முறை முழுக்க அடிப்பாகம்தான்.

அண்ணே, என் 20 டன் ஹிட்டாச்சி கள்ளிக்குடி பக்கம் கண்மாயில் தூர் எடுக்கிறது. மூன்று வாரத்தில் நாலு தடவை இடது பக்கச் செயின் கழன்றுவிட்டது. ஒவ்வொரு தடவையும் கிரீஸ் அடித்து நன்றாக இறுக்கித்தான் விடுகிறோம். ஆபரேட்டர் புதுச் செயின் போடச் சொல்கிறார். போடவா?
– திருமங்கலம் வாசகர்

அவசரப்படாதீர்கள் தம்பி. முதலில் ஒரு நாள் சாயங்காலம் மண்வெட்டியோடு நீங்களே போய் ஸ்ப்ராக்கெட்டைப் பாருங்கள். அந்தப் பக்கத்துக் கரிசல் ஈரத்தில் மாவு மாதிரி அப்பும், காய்ந்தால் செங்கல். பல்லுக்கும், செயின் மூட்டில் இருக்கிற உருளையான புஷ்ஷுக்கும் நடுவில் அது அப்பிக்கொண்டால் புஷ் பள்ளத்தில் உட்காராமல் மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். செயின் சுற்ற வேண்டிய தூரம் கூடிவிடும், செயினின் நீளம் அதேதான், அப்புறம் தானாகவே முறுக்கேறும். காலையில் சுத்தமாக இருக்கும் செயினை நீங்கள் ‘நன்றாக’ இறுக்கிவிட்டுப் போகிறீர்கள், பதினொரு மணிக்குள் மண் அப்பி அது நாண் ஏற்றிய வில் மாதிரி ஆகிவிடுகிறது. அந்த நிலையில் கரைச் சரிவில் வண்டியைத் திருப்பினால் நழுவாமல் என்ன செய்யும்? நழுவாவிட்டாலும் புஷ், முன்பக்கச் சக்கரமான ஐட்லர், ஸ்ப்ராக்கெட்டைச் சுற்றுகிற ஃபைனல் டிரைவ் மூன்றுக்கும் அடிதான். கரிசலில் தொய்வை வேலை நடக்கிற நிலையில், மண் ஓரளவு அப்பியிருக்கும்போதே பார்த்து வைக்க வேண்டும்.

அளப்பதும் பெரிய வித்தை இல்லை. மேல்பாகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, பக்கெட்டை ஊன்றி, அந்தப் பக்கச் செயினைத் தரையிலிருந்து தூக்குங்கள். முன்னும் பின்னும் நாலு சுற்று ஓடவிட்டு நிறுத்தி, நடுவில் ரோலர்களைப் பிடித்திருக்கிற சட்டமான ட்ராக் ஃபிரேமின் அடிப்பக்கத்துக்கும், செயினில் பூட்டித் தொங்குகிற தகடான ஷூ பிளேட்டின் மேல்முகத்துக்கும் எவ்வளவு இடைவெளி என்று டேப் வைத்துப் பாருங்கள். எவ்வளவு இருக்க வேண்டும் என்பது உங்கள் வண்டியின் புத்தகத்தில் இருக்கும், சகதிக்கு ஒரு அளவு, பாறைக்கு ஒரு அளவு என்று தனித்தனியாகப் போட்டிருக்கிற புத்தகமும் உண்டு. புத்தகம் பெரும்பாலும் சீட்டுக்குப் பின்னால் பிரிக்காத பிளாஸ்டிக் உறையிலேயே கிடக்கும், அது வேறு கதை.

இடது பக்கம் மட்டும் கழல்கிறது என்கிறீர்கள், அதுதான் எனக்கு உறுத்துகிறது. கிரீஸ் அடித்து இரண்டு நாளில் மறுபடி தொய்கிறதா? அப்படியானால் அந்தக் கிரீஸைப் பிடித்து ஐட்லரைத் தள்ளி வைக்கிற அட்ஜஸ்டர் சிலிண்டரின் சீல் கசிகிறது, அதற்குப் புதுச் செயின் போட்டு என்ன பயன்? இல்லையென்றால் ஐட்லரின் நடு மேடு தேய்ந்திருக்கும், அல்லது உள்ளே ஸ்பிரிங் உடைந்திருக்கும். அல்லது உங்கள் ஆபரேட்டர் கரையோரம் எப்போதும் இடது பக்கம் தாழ்வாக நிறுத்தியே வெட்டுகிறவராக இருப்பார். அதையும் கொஞ்சம் தள்ளி நின்று கவனியுங்கள்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தொய்வு கொடுக்க கிரீஸ் வால்வைத் திறக்கும்போது முகத்தை அதற்கு நேரே வைக்கக் கூடாது. மெதுவாக, ஒரு சுற்றுக்கு மேல் போகாமல் திறக்க வேண்டும், பக்கவாட்டில் நின்று. உள்ளே இருக்கிற அழுத்தம் அப்படி. பல வருஷத்துக்கு முன் ஒரு பையன் அவசரத்தில் வால்வை முழுக்கக் கழற்றிவிட்டான்; அது பறந்துபோய் எதிரே இருந்த தகரக் கதவில் எலுமிச்சம்பழம் அளவுக்குப் பள்ளம் போட்டது. அவன் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கவில்லை, அதனால் இன்றைக்கும் இருக்கிறான்.

கீழ் ரோலர் பாதி விலைக்குக் கிடைக்கிறது. பார்க்க ஒரிஜினல் மாதிரியே இருக்கிறது. வாங்கலாமா?
– மேலூர் வாசகர்

பார்க்க எல்லாமே ஒன்றுதான் அண்ணாச்சி, கறுப்போ மஞ்சளோ பெயின்ட் அடித்துவிட்டால் தீர்ந்தது. நானே ஏமாந்திருக்கிறேன். டவுனில் ஒரு கடையில் நாலு ரோலர் வாங்கிக் குவாரி வண்டியில் மாட்டினேன். சில மாதத்தில் இரண்டு ரோலரில் எண்ணெய் வடிந்தது, ஒன்று சுற்றாமல் நின்று, செயின் அதன் மேலேயே உரசிப் போய் ஒரு பக்கம் சப்பையாகிவிட்டது. கோபத்தில் அதைக் கப்பலூரில் தெரிந்த லேத் பட்டறைக்குத் தூக்கிப்போய் அறுத்துப் பார்த்தோம். மேலே 2 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் கடினம், அதற்குக் கீழே லேத் பிட் வெண்ணெயில் போகிற மாதிரி போனது.

ரோலரின் உயிர் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, செயின் ஓடுகிற முகத்தைச் சுட்டுக் கடினமாக்கிய ஆழம். அந்தத் தோல் பல மில்லி ஆழத்துக்கு இறங்கியிருக்க வேண்டும், உள்ளே இருக்கிற இரும்பு மட்டும் அடி தாங்குகிற மாதிரி கொஞ்சம் இளக்கமாக இருக்க வேண்டும். தோல் தேய்ந்து முடிந்த நாளிலிருந்து தேய்மானம் ஓட்டம் எடுக்கும். இன்னொன்று சீல். கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்ட இரண்டு இரும்பு வளையம் முகத்தோடு முகம் ஒட்டிச் சுற்றும், பின்னாலிருந்து இரண்டு ரப்பர் வளையம் அவற்றை அழுத்திப் பிடிக்கும். உள்ளே எண்ணெய், வெளியே கல்தூள், நடுவில் இது மட்டும்தான் காவல். மலிவு ரோலரில் முதலில் சாவது இதுதான்.

கடையிலேயே ஒரு அரத்தை வைத்து ஓடுமுகத்தில் இழுத்துப் பாருங்கள். வழுக்கினால் மேல்தோல் கடினம், பிடித்துத் தூள் உதிர்ந்தால் அப்படியே வைத்துவிட்டு வாருங்கள். ஆனால் ஆழம் எவ்வளவு என்று அரம் சொல்லாது, அதற்கு விற்கிறவர் எழுத்தில் தருகிற ஹவர் கணக்கு வாரன்டிதான் சாட்சி. கம்பெனி பெட்டியில் வராதது எல்லாமே போலி என்றும் நான் சொல்லவில்லை. இத்தாலியின் பெர்கோ மாதிரி வண்டி தயாரிப்பவர்களுக்கே செயின், ரோலர் செய்து கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். பெயரே இல்லாமல் வருகிற சரக்கைத்தான் சந்தேகப்படச் சொல்கிறேன்.

எங்கள் ஊர்க் கடைக்காரர் ‘இது மாங்கனீஸ் ஸ்டீல் செயின், தேயவே தேயாது’ என்கிறார். உண்மையா?
– அலங்காநல்லூர் வாசகர்

மாங்கனீஸ் ஸ்டீல் என்று தொழிலில் பெயர் சொன்னால் அது கல் உடைக்கிற கிரஷரின் ஜா பிளேட், அதாவது கல்லைக் கடிக்கிற தாடைத் தகடு, அதன் இரும்பு. 1882-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ராபர்ட் ஹாட்ஃபீல்டு கண்டுபிடித்தது, 12 சதவீதத்தை ஒட்டி மாங்கனீஸ் இருக்கும், கல் விழ விழ மேல்முகம் இறுகிக்கொண்டே போகும். செயின் லிங்க் வேறு ஜாதி. அதில் மாங்கனீஸ் ஒன்று, ஒன்றரை சதவீதம்தான், கூட துளி போரான், சதவீதத்தில் ஆயிரத்தில் சில பங்கு. அந்தத் துளிதான் சுட்டுக் குளிரவைக்கும்போது கடினம் உள்ளே ஆழமாக இறங்க உதவுகிறது. தேயாத செயின் என்று ஒன்று இல்லை. கடைக்காரரிடம் ‘ஹீட் ட்ரீட்மென்ட் எவ்வளவு ஆழம்ணே?’ என்று மட்டும் கேளுங்கள், அவர் எந்தப் பக்கம் பார்க்கிறார் என்று பாருங்கள்.

செகண்ட் ஹேண்ட் வண்டி பார்க்கப் போகிறேன். மீட்டரில் ஹவர் குறைவாகத்தான் காட்டுகிறது. அடிப்பாகத்தை எப்படிச் சோதிப்பது?
– வாடிப்பட்டி வாசகர்

மீட்டரை மாற்றலாம், செயின் நீளத்தை மாற்ற முடியாது. ஒரு ஸ்டீல் டேப் எடுத்துப் போங்கள், சுத்தியலும் ஒரு சோப்பு டப்பா அளவுக்கு மரத்துண்டும் கூட.

மரத்துண்டை ஸ்ப்ராக்கெட்டுக்கும் செயினுக்கும் நடுவில் மேல்பக்கம் கொடுத்து வண்டியை மெதுவாகப் பின்னால் நகர்த்தினால் மேல் செயின் விறைப்பாகும். எஞ்சினை நிறுத்திவிட்டு, செயின் மூட்டில் இருக்கிற ஒரு பின்னின் ஓரத்திலிருந்து நாலு லிங்க் தள்ளி அதே ஓரம் வரை அளந்து நாலால் வகுங்கள். 20 டன் வகையில் நிறைய வண்டிகளுக்கு லிங்க் ஒன்றின் பிட்ச், ஒரு மூட்டிலிருந்து அடுத்த மூட்டு வரை உள்ள தூரம், 190 மில்லி, அதாவது நாலு லிங்க் 760. அது 775-ஐத் தொட்டிருந்தால் உள்ளே பின்னும் புஷ்ஷும் தின்று முடித்துவிட்டன, விலையில் ஒரு செயின் செட் பணத்தைக் கழித்துப் பேசுங்கள். சில மாடலுக்குப் பிட்ச் வேறு, போவதற்கு முன் கேட்டுக்கொண்டு போங்கள். இரும்பு மொத்தமாக நீண்டுவிடுவதில்லை, ஒவ்வொரு மூட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து சேர்கிற தொகை அது. மண் தள்ளுகிற டோசர்களில் இந்த நிலை வருவதற்கு முன்பே செயினைப் பிரித்து, பின்னையும் புஷ்ஷையும் அரைச் சுற்றுத் திருப்பி மாட்டித் தேயாத பக்கத்தை வேலைக்குக் கொண்டுவருவார்கள். முழுக்கத் தேய்ந்தபின் திருப்பினால் அது வீண் கூலி.

ரோலர் ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் குனிந்து பாருங்கள். தூசி எண்ணெயோடு சேர்ந்து கறுப்பு வளையமாகப் படிந்திருந்தால் சீல் போச்சு. ‘நேற்றுத்தான் வாட்டர் வாஷ் பண்ணோம்’ என்றால் இன்னும் கவனமாகப் பாருங்கள்.

ரொம்ப நாள் நின்ற வண்டியில் இன்னொரு வியாதி உண்டு. 2012-ல் மேலூர் பக்கம் கிரானைட் குவாரிகள் நின்றபோது வெயிலிலும் மழையிலும் கிடந்த வண்டிகள் சிலவற்றைப் பிறகு பார்த்தேன். தேய்மானம் குறைவுதான், ஆனால் லிங்குகள் துருவில் இறுகி, செயின் ஐட்லரைச் சுற்றி வரும்போது வளையாமல் பாம்பு செத்துக் கிடந்த மாதிரி கோணலாக நின்றது. அளவு சரியாக இருக்கிறதே என்று வாங்கியவர் பட்டபாடு தனி.

குவாரியில் ஓடும் வண்டிக்கு 800 மில்லி அகல ஷூ போட்டால் வண்டி நன்றாக நிற்கும் என்கிறார்கள்…
– கொட்டாம்பட்டி வாசகர்

வேண்டாம். அகல ஷூ சகதிக்கு. பாறையில் ஷூவின் ஓரம் மட்டும் கல்லில் ஏறும், அது நெம்புகோல் மாதிரி லிங்கை முறுக்கும், போல்ட் லூஸாகும், பிளேட் வளையும். வண்டி புதையாத அளவுக்கு எவ்வளவு குறுகலாகப் போட முடியுமோ அவ்வளவு போதும். 600 இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

செயின் மட்டும் மாற்றினால் போதாதா? மெக்கானிக் ஸ்ப்ராக்கெட்டையும் சேர்த்து மாற்றச் சொல்கிறார். செலவு இழுக்கிறாரோ என்று சந்தேகம்.
– செக்கானூரணி வாசகர்

மற்ற விஷயத்தில் எப்படியோ, இதில் உங்கள் மெக்கானிக் சொல்வது சரி. நீண்டுபோன செயினோடு ஓடி ஓடி அந்தப் பல்லும் அதற்கேற்ப தேய்ந்து ஊசியாகியிருக்கும். அதன் மேல் சரியான பிட்ச் உள்ள புதுச் செயினைப் போட்டால் புஷ் உட்கார இடம் தேடி ஒவ்வொரு சுற்றிலும் பல்லில் உரசும், புதுச் செயின் சீக்கிரமே பழைய செயினாகிவிடும்.

அந்தப் பல்லை ஒரு தடவை எண்ணிப் பாருங்களேன். 20 டன் வண்டிகளில் பெரும்பாலும் 21 இருக்கும். புஷ் ஒரு பல் விட்டு ஒரு பல்லில்தான் உட்காரும். எண்ணிக்கை ஒற்றைப்படை என்பதால் இந்தச் சுற்றில் சும்மா இருந்த பல்லுக்கு அடுத்த சுற்றில் வேலை வரும். வேலையை இரண்டு சுற்றுக்குப் பங்கு போட்டுக்கொடுத்த அந்த யோசனையை நினைத்தால் இப்போதும் எனக்கு ஒரு சந்தோஷம். அப்படிப் பங்கு போட்டும் பல் ஊசியாகியிருந்தால், அது உழைத்து முடித்துவிட்டது என்று அர்த்தம்.

அடுத்த வேலை ஒரு கிலோமீட்டரில்தான். டிரெய்லர் வாடகை மிச்சம் பண்ண ஓட்டியே போகலாமா?
– உசிலம்பட்டி வாசகர்

ஒரு கிலோமீட்டர் என்றால் போகலாம், மண் பாதையாக இருந்தால். ஸ்ப்ராக்கெட் பின்னால் இருக்கிற மாதிரி முன்னோக்கி ஓட்டுங்கள். அப்படிப் போனால் தரையில் கிடக்கிற செயின் மட்டும் இழுவையில் இருக்கும். பின்னோக்கிப் போனால் மேலே ஓடும் செயினும் ஐட்லரைச் சுற்றி வருகிற மூட்டுகளும் சேர்ந்து பாரத்தோடு மடங்கும், தேய்மானம் கூடும். வேகம் வேண்டாம், வழியில் நின்ற இடத்திலேயே சுற்றித் திருப்புவதும் வேண்டாம். குறுக்கே தார் ரோடு வந்தால் பழைய லாரி டயர் நாலைந்தைப் போட்டு அதன் மேல் ஏற்றிக் கடத்துங்கள். டயரை எடுத்துப் போட இரண்டு ஆள் கூட வேண்டும், அந்தக் கூலியையும் டிரெய்லர் வாடகையோடு வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.