பாரிஸில் ஐந்து இரவு: கடன் வாங்கலாமா, எஃப்.டி.யை உடைக்கலாமா?

கேள்வி: நானும் மனைவியும் திருச்சியில் வேலை பார்க்கிறோம். இருவருக்கும் சேர்த்துக் கைக்கு வருவது மாதம் ரூ.1,35,000. வீட்டுக் கடன் தவணை ரூ.28,000, எஸ்.ஐ.பி (மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடும் முதலீடு) ரூ.15,000, குடும்பச் செலவு ரூ.62,000 போக ரூ.30,000 மிஞ்சும். வங்கியில் ரூ.3 லட்சம் எஃப்.டி (நிரந்தர வைப்பு) இருக்கிறது. 10 வயது மகனுடன் பாரிஸில் மட்டும் ஐந்து இரவு தங்கிச் சுற்றிப் பார்க்க ஆசை. டிராவல் ஏஜென்ட் மூவருக்கும் ரூ.5,40,000 கேட்கிறார். பர்சனல் லோன் போட்டு ஒரு வருட இ.எம்.ஐ.யில் கட்டலாம் என்கிறார். லோன் எடுக்கலாமா, அல்லது எஃப்.டி.யை உடைத்துவிட்டு மீதிக்கு மட்டும் கடன் வாங்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். பாரிஸ் போங்கள், ஆனால் 14 மாதம் பொறுத்து, சேர்த்த பணத்தில் போங்கள்.

முதலில் லோன். ரூ.5,40,000-க்கு 14% வட்டி என்றால் மாதத் தவணை சுமார் ரூ.48,500. உங்களிடம் மிஞ்சுவது ரூ.30,000. எஸ்.ஐ.பி.யை முழுவதும் நிறுத்தினாலும் ரூ.45,000தான் தேறும், மாதாமாதம் ரூ.3,500 துண்டு விழும். வட்டி மட்டும் ஏறத்தாழ ரூ.42,000. பிராசஸிங் கட்டணம் 2%, அதற்கு ஜி.எஸ்.டி என்று இன்னும் ரூ.12,700 போகும். ஒருவருடைய விமான டிக்கெட்டையே வங்கிக்குக் கொடுப்பது போல இது.

எஃப்.டி.யைத் தொடவே தொடாதீர்கள். வீட்டுக் கடனும் குடும்பச் செலவும் சேர்ந்து மாதம் ரூ.90,000. சம்பளம் நின்றுபோனால் அந்த 3 லட்சம் மூன்று மாதத்துக்குச் சற்று மேல் தாங்கும், அவ்வளவுதான். அதை ஆறு மாதத்துக்கு வளர்க்க வேண்டிய நிலையில் இருக்கிறீர்கள். போனஸ் வந்தால் அது அங்கேதான் போக வேண்டும், பாரிஸுக்கு அல்ல.

நீங்களே ஏற்பாடு செய்தால் எவ்வளவு ஆகும்? ஒரு யூரோவுக்கு ரூ.110 என்று வைத்துக்கொள்வோம். விமானத்துக்கு, மே மாத நெரிசலைத் தவிர்த்தால், ஆளுக்கு ரூ.60,000 வீதம் ரூ.1,80,000 ஒதுக்குங்கள். ஷெங்கன் விசா (பிரான்ஸ் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா) பெரியவர்களுக்குத் தலா 90 யூரோ. மகனுக்கு 12 வயது நிறைவதற்குள் விண்ணப்பித்தால் 45 யூரோ. விசா மையக் கட்டணம், 30,000 யூரோ கவரேஜ் உள்ள கட்டாயப் பயணக் காப்பீடு எல்லாம் சேர்த்து ரூ.33,000. தங்குமிடம் இரவுக்கு 140 யூரோ. சுற்றுலா வரி ஆளுக்கு, இரவுக்கு என்று கணக்கிடப்படும். ஹோட்டலின் நட்சத்திரத்தைப் பொறுத்து மாறும். பல சமயம் முன்பதிவுத் தொகையில் சேராமல் ஹோட்டலில் போய்க் கட்ட வேண்டியிருக்கும். 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு அந்த வரி இல்லை. தங்குமிடமும் வரியும் சேர்த்து ரூ.84,000. சாப்பாடு நாளைக்கு 75 யூரோ வீதம் ஆறு நாளுக்கு ரூ.49,500. நுழைவுச்சீட்டுகள் ரூ.22,000, உள்ளூர்ப் பயணம் ரூ.12,500. மொத்தம் ரூ.3,81,000. பத்து சதவீதம் கைகாவல் சேர்த்தால் ரூ.4,20,000. மாதம் ரூ.30,000 வீதம் 14 மாத ஆர்.டி.யில் (வங்கித் தொடர் வைப்பில்) இந்தத் தொகை சேர்ந்துவிடும், வட்டி உபரி.

இதில் யூரோவில் செலவாவது சுமார் 1,750. யூரோ ஐந்து ரூபாய் ஏறினாலும் கூடுதல் செலவு ரூ.9,000-க்குள்தான். அதனால் மாற்று விகிதத்தைத் தினமும் பார்த்துக் கவலைப்பட வேண்டாம்.

நுழைவுச்சீட்டில் உங்கள் குடும்பத்துக்கு ஒரு நல்ல சலுகை இருக்கிறது. லூவ்ர் அருங்காட்சியகம் 2026 ஜனவரி முதல் ஐரோப்பியர் அல்லாத பெரியவர்களுக்கு 32 யூரோ ஆகிவிட்டது, மகனுக்கு இலவசம். ஓர்சே அருங்காட்சியகம், ஆர்க் த ட்ரியோம்ப் (வெற்றி வளைவு) இரண்டிலும் மகனுக்கு இலவசம்தான். லூவ்ர் செவ்வாய் விடுமுறை, ஓர்சே திங்கள் விடுமுறை. இதைப் பார்க்காமல் நாள் குறித்து, மூடிய வாசலில் நிற்பவர்கள் நிறைய. ஈபிள் கோபுர லிஃப்ட் டிக்கெட் அதிகாரபூர்வத் தளத்தில் 60 நாள் முன்பே திறக்கும். அன்றே வாங்கிவிடுங்கள்.

உள்ளூர்ப் பயணத்திலும் கிழமை முக்கியம். பாரிஸ் மெட்ரோ, ரயில், பஸ்ஸுக்கான நவிகோ வாராந்திர பாஸ் (2026 கட்டணம் 32.40 யூரோ) நீங்கள் வாங்கும் நாளிலிருந்து ஏழு நாள் ஓடாது, திங்கள் முதல் ஞாயிறு வரைதான். வெள்ளிக்கிழமை இறங்குகிறவருக்கு ஞாயிறு இரவோடு செத்துவிடும். நீங்கள் திங்கள் இறங்கி சனி கிளம்புங்கள். அட்டைக்குத் தனியாக 5 யூரோ. மூன்று சென்டிமீட்டருக்கு இரண்டரை சென்டிமீட்டர் அளவில் ஆளுக்கு ஒரு போட்டோ ஒட்ட வேண்டும். திருச்சியிலேயே எடுத்துக்கொண்டு போங்கள். மூவருக்கும் சேர்த்து 112 யூரோ. இதில் விமான நிலைய ரயிலும் அடக்கம். தனித்தனி டிக்கெட் என்றால் விமான நிலையத்துக்கு ஒரு வழிக்கு 14, மெட்ரோவுக்கு 2.55 யூரோ, நாளைக்கு நான்கு முறை வீதம் நான்கு நாள் ஏறினால் 206 யூரோவைத் தொடும்.

ஏஜென்ட்டிடமே போவதென்றால், ஹோட்டலின் அஞ்சல் குறியீட்டைக் கேளுங்கள். 75 என்று தொடங்கினால்தான் அது பாரிஸ் நகரம். 93, 94, 95 எல்லாம் புறநகர்; ஐந்தே நாள் பயணத்தில் தினமும் ரயிலிலேயே நேரம் கரையும். பேக்கேஜாக வாங்கினால் அவர் டி.சி.எஸ் (விற்பவர் முன்கூட்டியே வசூலிக்கும் வரி) பிடிப்பார். அது உங்கள் வருமான வரிக் கணக்கில் வரவாகும். அலுவலகத்தில் தெரிவித்தால் சம்பளத்தில் பிடிக்கும் வரியிலேயே (டி.டி.எஸ்) கழித்துக்கொள்ளலாம். நீங்களே யூரோ வாங்கினால், நிதியாண்டில் ரூ.10 லட்சம் வரை டி.சி.எஸ் கிடையாது.

விசாவில் பலர் சறுக்குவது வங்கிக் கணக்கு விவரத்தில். விண்ணப்பிக்கும் வாரத்தில் திடீரென ஐந்து லட்சம் விழுந்திருந்தால், கைமாற்றாக வாங்கிப் போட்ட பணமோ என்று சந்தேகம் வரும். சம்பளமும் மாதாமாத ஆர்.டி.யும் வரிசையாகத் தெரியும் கணக்கே நல்ல சாட்சி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். 15 நாள் முன்பு என்பது கடைசி எல்லை. மூன்று மாதம் முன்பே போய்விடுங்கள். நிராகரித்தால் விசா கட்டணம் திரும்ப வராது. எனவே ரத்து செய்யக்கூடிய ஹோட்டலும் விமான முன்பதிவும் மட்டுமே முதலில் காட்டுங்கள். பணம் திரும்ப வராத டிக்கெட்டை விசா கைக்கு வந்தபின் வாங்குங்கள்.

சாதாரண கிரெடிட் கார்டில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5% மார்க்கப் (கூடுதல் கட்டணம்), அதன்மேல் 18% ஜி.எஸ்.டி, ஒரு லட்சத்துக்கு ரூ.4,130 போகும். முன்பே யூரோ ஏற்றிய ஃபாரெக்ஸ் (அந்நியச் செலாவணி) கார்டு எடுங்கள். கையில் 200 யூரோ ரொக்கம் போதும். கடையில் கார்டை நீட்டியதும் சில மெஷின்களின் திரையில் இரண்டு தொகை வரும்: ஒன்று யூரோவில், இன்னொன்று ரூபாயில். ரூபாய் பழக்கமானது என்று அதைத் தொட்டுவிடாதீர்கள். அந்த மாற்று விகிதத்தில் அவர்களுடைய லாபம் ஏறியிருக்கும். எப்போதும் யூரோ. ஹோட்டல் டெபாசிட்டுக்கு மட்டும் கிரெடிட் கார்டைக் கொடுங்கள். ஃபாரெக்ஸ் கார்டில் பிடித்துவைத்த தொகை, நீங்கள் ஊர் திரும்பிய பிறகும் விடுபடாமல் நிற்கக்கூடும்.

சாப்பாட்டுக்கு 75 யூரோ போதுமா என்று மனைவி கேட்பார். காலையில் பேக்கரி, மதியம் சூப்பர்மார்க்கெட், இரவு ஒரு வேளை உணவகம் என்றால் போதும். உணவகத்தில் 'கராஃப் தோ' என்று கேட்டால் குழாய்த் தண்ணீர் இலவசமாகத் தர வேண்டும் என்பது அங்கே சட்டம். பாட்டில் தண்ணீருக்குக் காசு. மகன் சோற்றுக்கு ஏங்கினால் மெட்ரோ 2-ஆம் தடத்தில் லா ஷப்பேல் நிலையத்தில் இறங்குங்கள். ஈழத் தமிழர் கடைகள் நிறைந்த தெருக்கள். தோசையும் கொத்து ரொட்டியும் அங்கே கிடைக்கும்.