பட்டாம்பூச்சியும் அந்துப்பூச்சியும் இரண்டு தனி இனங்களா?

போன மே மாதம் மலேசியாவின் பினாங்குத் தீவில், ஆயர் ஈத்தாமில் எங்கள் வீட்டு வாசல் விளக்குப் பக்கம் விரித்த கையளவுக்கு ஒரு பழுப்புப் பூச்சி ஒட்டிக்கொண்டிருந்தது. சிறகின் குறுக்கே வெள்ளைப் பட்டை, பின்சிறகில் வால். "சித்தப்பா, இது ராமா ராமாவா, குப்பு குப்புவா?" என்று அண்ணன் மகள் கேட்டாள். பள்ளியில் மலாய்ப் பாடத்தில் முன்னது பட்டாம்பூச்சி, பின்னது அந்துப்பூச்சி. அம்மாவோ, "செத்தவங்க யாரோ வீட்டைப் பார்க்க வந்திருக்காங்க, தொடாதே" என்றார். அது லிஸ்ஸா ஸாம்பா என்ற அந்துப்பூச்சி.

தலைப்பில் உள்ள கேள்வியும் அவள் கேட்டதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இரண்டும் அண்ணன் தம்பி போலச் சமமான இரண்டு தனி இனங்கள் அல்ல. அந்துப்பூச்சிகளின் பெரிய வம்சத்தில் ஒரு பேத்தி வழிதான் பட்டாம்பூச்சி. செதில் படிந்த சிறகுள்ள இந்தப் பூச்சிகளில் இதுவரை பெயரிடப்பட்டவை சுமார் 160,000. அவற்றில் பட்டாம்பூச்சிகள் ஏறத்தாழ 19,000 மட்டுமே. மிச்சம் எல்லாவற்றையும் அந்துப்பூச்சி என்று ஒரே கூடையில் போட்டுவிட்டோம். பினாங்குக்காரர்கள் தீவுக்கு வெளியே இருந்து வரும் எல்லாரையும் "வெளியூர்க்காரர்" என்பதைப் போல. வெளியூர்க்காரர் எல்லாரும் ஒரே சொந்தமா என்ன?

பகலில் பறந்தால் பட்டாம்பூச்சி, உணர்கொம்பின் நுனி தீக்குச்சி போலத் தடித்திருந்தால் பட்டாம்பூச்சி என்று நாம் படித்தோம். நம் ஊருக்கு இது பெரும்பாலும் போதும். ஆனால் அமெரிக்க வெப்பமண்டலக் காடுகளில் ஹெடிலிடே என்று ஒரு குடும்பம் இருக்கிறது. பெரும்பாலும் இரவில் பறக்கும், உணர்கொம்பு நூல் போல மெலிந்திருக்கும். பார்த்தால் அந்துப்பூச்சியேதான். இவை பட்டாம்பூச்சிகளின் உறவு என்று 1986இல் ஸ்கோபிள் என்ற ஆய்வாளர் எழுதினார். பின்னால் மரபணுக்களும் அதையே காட்டின. எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த சங்கதி இதுதான்.

வௌவாலுக்குப் பயந்துதான் பட்டாம்பூச்சிகள் இரவிலிருந்து பகலுக்கு மாறின என்று முன்பு ஒரு கருத்து இருந்தது. காலக்கணக்கு அதற்கு ஒத்துவரவில்லை. 2023இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் ஏறத்தாழ 2,300 இனங்களின் 391 மரபணுக்களை ஒப்பிட்டார்கள். பட்டாம்பூச்சிகள் சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அமெரிக்கக் கண்டப் பகுதியில் தோன்றியதாக அது சொல்கிறது. நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய வௌவால் எச்சங்களுக்கோ சுமார் 5 கோடி வயதுதான். பகல் மலர்களின் தேன் இழுத்திருக்கலாம் என்பது இப்போது பலர் ஏற்கும் விளக்கம். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது.

அண்ணன் மகளிடம், "இது குப்பு குப்பு. ஆனா ராமா ராமாவும் குப்பு குப்பு வம்சம்தான்" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ வாத்தியார்கிட்ட சொல்லலாமா?" என்றாள். தாராளமாகச் சொல் என்றேன்.