கூட்டிப் பெருக்கிய தோப்பு

அன்புள்ள ஐயா,

ஈரோட்டில் எங்கள் மொட்டைமாடியில் நாற்பது பைகளில் செடி வைத்திருக்கிறேன். தக்காளி, மிளகாய், கத்தரி, ஒரு சுரைக்கொடி. இப்படி ஒரு கோடையை நான் பார்த்ததில்லை. தக்காளிப் பூ எல்லாம் கொட்டுகிறது. மத்தியானம் சுரை இலைகள் துவண்டு தொங்குவதைப் பார்க்கப் பொறுக்காமல் தினம் மூன்று முறை தண்ணீர் விடுகிறேன். அப்படியும் அத்தை வைத்துவிட்டுப் போன குண்டுமல்லி மஞ்சளாகிக்கொண்டே வருகிறது. லாரித் தண்ணீருக்குக் காசு கொடுத்து மாளவில்லை. போதாததற்குப் பக்கத்து வீட்டு வேம்பு இலையை உதிர்த்துத் தள்ளிவிட்டது. சருகைக் கூட்டி மூட்டை கட்டிக் குப்பை வண்டியில் போடுவதே தனி வேலை. செடி வெயில் தாங்குவதற்கு என்று கடையில் ஒரு மருந்து தருகிறார்கள், வாங்கலாமா? நிழல்வலை பச்சையா, வெள்ளையா? இல்லை, எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஆடியில் புதிதாகத் தொடங்கட்டுமா?

க., ஈரோடு

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலை எங்கள் தெருமுனையில் யாரோ சருகைக் குவித்துத் தீ வைத்திருந்தார்கள். அந்தப் புகையைத் தாண்டி வந்து, மனம் ஆறாமல் உட்கார்ந்திருந்தபோதுதான் இதைப் படித்தேன். மற்ற கடிதங்களை ஒதுக்கிவிட்டு உங்களுக்கு முதலில் எழுதுகிறேன்.

மருந்து வேண்டாம். வலை எந்த நிறமானாலும் சரி, பாதி வெயிலைத் தடுத்தால் போதும். தக்காளிக்கு நீங்கள் ஒரு குறையும் வைக்கவில்லை. பகல் வெப்பம் 35 டிகிரிக்கு மேல் போனால் அதன் மகரந்தம் கெட்டுவிடும், பூ நிற்காது. உங்கள் ஊரோ 2024 ஏப்ரலில் 42 டிகிரியைத் தாண்டிய ஊர். தக்காளியைப் பற்றி வருந்தாதீர்கள்.

மல்லிகை விஷயம் வேறு. குண்டுமல்லி வெயிலுக்குப் பயப்படுகிற செடி இல்லை. பங்குனி, சித்திரைதான் அது பூத்துக் குலுங்கும் காலம். அதை மஞ்சளாக்கியது வெயில் அல்ல, நீங்கள் விடும் தண்ணீர்தான் என்று நினைக்கிறேன். சுரைக்கு அகலமான இலை. உச்சி வெயிலில் வேர் உறிஞ்சுவதைவிட அதிகமான நீரை அந்த இலை வெளியே விடுகிறது, அதனால் துவள்கிறது. சாயங்காலம் போய்ப் பாருங்கள், தானாக நிமிர்ந்திருக்கும். விடிகாலையிலும் துவண்டு கிடந்தால்தான் அதற்குத் தாகம். நீங்கள் செடியின் தாகத்துக்குத் தண்ணீர் விடவில்லை, உங்கள் பதற்றத்துக்கு விடுகிறீர்கள். சதா ஈரத்தில் கிடக்கும் வேர் காற்றில்லாமல் அழுகும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. அப்போதும் இலை துவளும், நீங்கள் மறுபடியும் ஊற்றுவீர்கள். விரலை மண்ணுக்குள் இரண்டு கணு விட்டுப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருங்கள்.

ஆனால் எனக்குக் கோபம் வந்தது இதற்காக அல்ல. லாரித் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்குகிறீர்கள். அதைக் காப்பாற்றித் தரும் சருகு வானத்திலிருந்து விழுகிறது, அதை மூட்டை கட்டிக் குப்பையில் போடுகிறீர்கள்! படித்தவர் செய்கிற காரியமா இது?

காங்கேயம் பக்கத்தில் எங்கள் அப்பாவுக்கு ஒரு தென்னந்தோப்பு இருந்தது. 120 மரம். விழுந்த ஓலை பொழுது சாய்வதற்குள் வெளியே போய்விட வேண்டும். மட்டை, பாளை, சருகு எல்லாவற்றையும் வாராவாரம் கூட்டி வரப்போரம் வைத்துக் கொளுத்துவார். "உங்க தோப்புல இலை போடாமலே சோறு போட்டுச் சாப்பிடலாம்" என்று ஊரில் சொல்வார்கள். அதில் அவருக்கு அவ்வளவு நிறைவு. பக்கத்துத் தோட்டத்தில் ஓர் அம்மா, கணவரை இழந்தவர். ஆள் வைத்துச் சுத்தம் செய்ய அவரிடம் காசில்லை. ஓலையும் தேங்காய் மட்டையும் மரத்தடிப் பாத்தியிலேயே மட்கிக் கிடக்கும். "பாம்புக்குக் குடிசை போட்டு வெச்சிருக்கு அந்தம்மா" என்பார் அப்பா.

2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. அந்தக் கோடையில் எங்கள் ஆழ்துளைக் கிணறு அரை மணி நேரம் ஓடும், அப்புறம் காற்றுதான் வரும். முதலில் குரும்பை கொட்டியது. பிறகு அடி ஓலைகள் தொங்கி மரத்தோடு ஒட்டிக்கொண்டன. ஆடி பிறப்பதற்குள் குருத்தே சாய்ந்துவிட்டது. எழுபதுக்கு மேல் மரங்கள் போயின. அந்த அம்மாவுக்கும் எங்களைப் போலத்தான் தண்ணீர் இல்லை. அவர் தோட்டத்தில் போனவை பத்தோ பன்னிரண்டோ.

அப்பா ஒருநாள் வேலி தாண்டிப் போய், அங்கே ஓலையை விலக்கி ஒரு கைப்பிடி மண் எடுத்தார். பிடித்தால் உருண்டை நின்றது. எங்கள் மண்ணோ விரலிடுக்கில் மாவு போல ஒழுகும். வெற்று மண்ணில் வெயில் நேரே இறங்கி மேல் ஈரத்தைக் குடிக்கிறது, காய்ந்த மேல்மண் கீழே இருப்பதை இழுக்கிறது, காற்று அதையும் கொண்டுபோகிறது. மேலே ஒரு போர்வை கிடந்தால் இத்தனையும் தடைப்படும். தென்னைக்கு 1.8 மீட்டர் ஆர வட்டப்பாத்தியில் நூறு தேங்காய் மட்டைகளைக் குவிந்த பக்கம் மேலே இருக்கும்படி அடுக்கவோ, காய்ந்த ஓலை பதினைந்தைப் பரப்பவோ சொல்கிறது வேளாண் பல்கலைக்கழகம். அந்த அம்மா இதைப் படித்ததில்லை. கூலி கொடுக்க வழியில்லாமல் விட்டுவைத்தார், மரம் பிழைத்தது.

அப்பா அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. மறுநாள் விடியற்காலையில், 71 வயதில், மிச்சமிருந்த மரங்களுக்கு அவரே ஓலை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நான் உதவிக்குப் போனபோது, "எத்தனை வருசம் எரிச்சிருக்கேன்" என்று மட்டும் சொன்னார். அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. தெருவில் சருகுப் புகையைப் பார்த்தால் எனக்கு இன்றும் அந்தக் குரல்தான் ஞாபகம் வருகிறது. சுத்தம் என்று எதைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம் நாம்? வீட்டுக்குள் பெருக்குங்கள், வாசலைப் பெருக்குங்கள். செடியின் காலடியில் துடைப்பத்துக்கு என்ன வேலை?

உங்கள் பைகளில் மூன்று அங்குலத்துக்கு வேப்பஞ்சருகைப் பரப்புங்கள். தண்டை ஒட்டி மட்டும் நான்கு விரல் இடம் விடுங்கள், இல்லாவிட்டால் தண்டு அழுகும். பைகளைச் சுடுகிற தளத்திலிருந்து தூக்கிச் செங்கல் மேல் வைத்து நெருக்கமாகச் சேருங்கள். தண்ணீர் காலையில் மட்டும், அதுவும் விரல் கேட்டால் மட்டும்.

நாளைக்குக் குப்பை வண்டி வரும்போது அந்த மூட்டையோடு கீழே இறங்காதீர்கள். மாடிக்கு எடுத்துப் போங்கள். அத்தையின் மல்லிகைக்கு மூன்று நாள் தண்ணீரை நிறுத்தி, மண் காய்ந்ததும் முதல் பிடி சருகை அதற்குப் போடுங்கள். புதுத் துளிர் வந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.