ரயில்ல பார்த்தவங்ககிட்ட சொன்னதை ஃப்ரெண்டுகிட்ட சொல்ல முடியலையே?

கேள்வி: மேடம், போன மாசம் பாண்டியன் எக்ஸ்பிரஸ்ல வந்தப்போ எதிர் பெர்த்ல இருந்த ஒரு அக்காகிட்ட எல்லாத்தையும் கொட்டிட்டேன். கல்யாணமாகி 7 வருஷமா குழந்தை இல்ல, 2 தடவை ட்ரீட்மென்ட் ஃபெயிலானது, மாமியார் பேசுறது எல்லாம். விழுப்புரத்துல ஆரம்பிச்சது திருச்சி தாண்டியும் ஓடுச்சு, அவங்க பேர்கூட தெரியாது. ஆனா பத்தாவதுல இருந்து கூடவே இருக்குற ஃப்ரெண்டுகிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்ல. அவளுக்கு 2 பசங்க. ஊரே "ஏதும் விசேஷமா"ன்னு கேக்குது, அவ மட்டும் கேட்டதே இல்ல. நான் அவளுக்கு துரோகம் பண்றேனா?
(பெயர் வேண்டாம், மதுரை)

பதில்: துரோகமே இல்லம்மா, முதல்ல அந்த வார்த்தைய விடுங்க. நெருங்குனவங்ககிட்ட மறைக்குறதை அந்நியர்கிட்ட மனுஷங்க சொல்லிடுறாங்கன்னு ஜெர்மன் சமூகவியல் அறிஞர் கியார்க் சிம்மெல் 1908லயே எழுதிட்டார். அந்த அக்கா ஸ்டேஷன்ல இறங்கி போயிட்டாங்க, நாளைக்கு உங்க வீட்டு விசேஷத்துல வந்து உங்கள பாவமா பாக்கப்போறதில்ல. ஃப்ரெண்டு அப்படியா, உங்க மாமியார் கையால சாப்பிட்டிருப்பா, உங்க வீட்டுக்காரர அண்ணான்னு கூப்பிடுவா, நீங்க சொன்ன நிமிஷத்துல இருந்து அவங்க ரெண்டு பேரையும் அவ பாக்குற பார்வையே மாறிடும், அந்த பயத்துலதான் உங்களுக்கு வாய் வரல.

இன்னொன்னு, அந்த அக்கா முதல்ல தன் கதைய கொஞ்சம் சொன்னாங்களான்னு யோசிச்சு பாருங்க. ஸிக் ரூபின்னு ஒரு அமெரிக்க உளவியல் அறிஞர் பாஸ்டன் ஏர்போர்ட்ல காத்திருந்த பயணிகள வெச்சு ஆராய்ச்சி பண்ணி 1975ல எழுதினார், கேக்குறவர் தன்னைப் பத்தி முதல்ல சொன்னா முன்பின் தெரியாதவங்களும் அதுக்கேத்த மாதிரி சொல்றாங்க, ஆனா ரொம்ப அந்தரங்கமா போனா ஒதுங்கியும் போறாங்களாம். யாராவது ஒருத்தர் ஆரம்பிக்கணும். உங்க ரெண்டு பேருக்குள்ள யாருமே ஆரம்பிக்கல, "சாப்டியா", "ம், நீ?"ன்னே வருஷம் ஓடிருச்சு.

போற போக்குல "அவளுக்கு 2 பசங்க"ன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, எனக்கு மனசு அங்கதான் நின்னுச்சு. ஊரே கேக்குற கேள்விய 7 வருஷமா ஒருத்தி கேக்கலன்னா அது அக்கறை இல்லாம இல்லம்மா, உங்களுக்கு வலிக்கும்னு அவளுக்கு தெரிஞ்சிருக்கு, நீங்களா சொல்லட்டும்னு இருக்கான்னுதான் எனக்கு படுது.

வாட்ஸ்அப்ல வேணாம், போன்லயும் வேணாம். பசங்க ஸ்கூல் போன நேரமா பாத்து அவ வீட்டுக்கு போங்க, அவ காய் நறுக்கிட்டு இருந்தா நீங்களும் பக்கத்துல உக்காந்து நறுக்குங்க, மூஞ்சிய பாத்து பேச வேண்டியிருக்காது. "ரயில்ல ஒரு அக்காகிட்ட பேசிட்டு வந்தேன்டி"ன்னு மட்டும் ஆரம்பிங்க. மாமியார் விஷயம் அன்னைக்கே சொல்லணும்னு இல்ல. அடுத்த தடவை ஆஸ்பத்திரி பெஞ்சுல டோக்கனை கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கும்போது பக்கத்துல ஒரு ஆளு வேணும், அந்த அக்கா வர முடியாது, இவ வருவா.