சென்னைக்குப் பக்கத்தில் கிராமத்து நிலக்காட்சி: ஏரிக்கரையிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: தாம்பரத்தில் இருக்கிறேன். 18–55 மி.மீ. லென்ஸோடு கேமரா வாங்கியிருக்கிறேன். வயல், ஏரி, பனைமரம் என்று கிராமத்துக் காட்சிகள் எடுக்க ஆசை. ஞாயிறு காலை மட்டும்தான் நேரம் கிடைக்கிறது. எங்கே போனாலும் வீட்டுமனைக் கல்லும் மின்கம்பியும்தான் ஃப்ரேமில் விழுகின்றன. நல்ல இடங்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: ஊர்ப் பெயர்களைத் தேடுவதை விட்டுவிட்டு ஏரிகளைத் தேடுங்கள். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்தை ஏரி மாவட்டம் என்றே சொல்வார்கள். செங்கல்பட்டைத் தாண்டி ஜிஎஸ்டி சாலையை விட்டு உள்ளே திரும்பினால் ஊருக்கு ஒரு ஏரியாவது இருக்கும்.

இந்த ஏரிகளின் அமைப்பு போட்டோ எடுப்பவருக்குப் பெரிய உதவி. இங்கே நிலம் பொதுவாக மேற்கிலிருந்து கிழக்காகச் சரிகிறது. ஓடிவரும் மழைநீரைத் தடுக்கத்தான் கரை என்பதால், பெரும்பாலும் அது கிழக்குப் பக்கம் இருக்கும். கரைக்கு மேற்கே தண்ணீர், கிழக்கே பள்ளத்தில் பாசன வயல்கள். அதனால் விடியலில் கரைமேல் நின்றால் வயலுக்கு மேலே சூரியன் எழுவதை எடுக்கலாம். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி நின்றால், இளவெயில் நேராக விழும் நீர்ப்பரப்பு. எல்லா ஏரியும் இப்படி அமைந்துவிடாது. கரை வேறு பக்கம் உள்ளவையும் உண்டு, கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

எப்படிப் பார்ப்பது? கூகுள் மேப்பில் சாட்டிலைட் காட்சியைத் திறங்கள். ஏரியின் ஒரு பக்கம் மட்டும் மரங்களோடு சீரான கோடாகத் தெரியும், அதுதான் கரை. எதிர்ப்பக்கம் நீர் விளிம்பு கோணல்மாணலாக இருக்கும். கரைக்குக் கீழே ஒழுங்கான சின்னக் கட்டங்களும் மண் சாலைகளும் தெரிந்தால் அது மனைப்பிரிவு, அந்த ஏரியை விட்டுவிடுங்கள். உயர் அழுத்த மின்கோபுரம் மேலிருந்து பார்க்கும்போது சட்டெனக் கண்ணில் படாது, ஆனால் அதன் நிழல் தரையில் நீளமாக விழுந்திருக்கும். நிழலைத் தேடினால் கம்பி போகும் வழி பிடிபடும்.

அடுத்தது பருவம். இடத்தைவிட இதுதான் முக்கியம் என்பேன். வடகிழக்குப் பருவமழையில் ஏரிகள் நிறையும். மார்கழி, தை மாதங்களில் ஏரியில் நீர், வயலில் பயிர், விடியலில் பனிமூட்டம் மூன்றும் சேர்ந்து கிடைக்கும். ஜனவரியில் சூரியன் எழுவதே 6.30 மணியை ஒட்டித்தான், நேர்கிழக்கிலிருந்து நன்றாகத் தெற்கே தள்ளி எழும். அரை மணி நேரம் முன்பே கரையில் நில்லுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் அதே இடம் வறண்டு கிடக்கலாம். வெடித்த ஏரிமண்ணும் எடுக்க வேண்டிய காட்சிதான், ஆனால் முதல் பயணத்துக்கு அது வேண்டாம்.

சரி, எங்கே தொடங்குவது? செங்கல்பட்டு கொளவாய் ஏரிக்கு மின்சார ரயிலிலேயே போய்விடலாம். பின்னணியில் குன்றுகளும் கிடைக்கும். வண்டி இருந்தால் வேடந்தாங்கல் பக்கம் போங்கள். சரணாலயத்துக்குள் பறவை எடுக்க உங்கள் லென்ஸ் போதாது. சுற்றியுள்ள வயல்கள்தான் உங்களுக்கானவை. பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரம் என்பதால், அந்த ஊர்க்காரர்கள் தலைமுறைகளாகப் பறவைகளைக் காத்துவருகிறார்கள். உயரத்திலிருந்து எடுக்க ஆசையானால் திருக்கழுக்குன்றம் மலைக்கோயில், 500-க்கும் மேற்பட்ட படிகள். வடக்கே பழவேற்காடு அருமையான இடம், ஆனால் தாம்பரத்திலிருந்து நகரத்தைக் கடந்தாக வேண்டும். அதற்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள்.

போன இடத்தில் வானத்தையும் தண்ணீரையும் மட்டும் எடுத்தால் படம் வெறுமையாகத்தான் இருக்கும். முன்னால் நிறுத்த ஒன்று வேண்டும், பழைய ஏரிகளில் அதற்குத் தூம்பு, அதாவது வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மதகு, இருக்கிறது. கரையிலிருந்து சற்றுத் தள்ளி, நீருக்குள் இரண்டு கல்தூண்கள். இடையே குறுக்குக் கல், அதில் அடைப்பைத் தூக்கும் கழியை விட ஒரு துளை. காற்றில்லாத காலையில் அந்தத் தூண்கள் நீரில் தலைகீழாக முழுசாகத் தெரியும். 18 மி.மீ.யில் வைத்து, கேமராவை முழங்கால் உயரத்துக்கு இறக்கி, லென்ஸ் துளையை (அபெர்ச்சர்) எஃப்/8 அல்லது எஃப்/11-இல் வைத்து எடுத்துப் பாருங்கள். ஒளி குறைவாக இருக்கும், முக்காலி கட்டாயம். வயல் பக்கம் என்றால் லென்ஸை 55-க்குத் திருப்பி, பனைவரிசையை மட்டும் தனியாகப் பிரித்தெடுங்கள். மின்கம்பி தானாகவே ஃப்ரேமுக்கு வெளியே போய்விடும்.

மழைக்குப் பின் கலங்கல், அதாவது ஏரி நிரம்பினால் மிச்ச நீர் வெளியேறும் கல்கட்டு, வழியும்போது அழகாகத்தான் இருக்கும். ஆனால் பாசி படிந்த கல் வழுக்கும், இழுப்பும் அதிகம். கரையில் நின்றே எடுங்கள். கரைப் புல்லில் கண்ணாடி விரியன் இருக்கலாம், டார்ச்சும் கணுக்கால் மூடும் ஷூவும் வேண்டும். கல்பாக்கம் அணுமின் நிலையப் பக்கம் கேமராவைத் திருப்பவே வேண்டாம்.

வரப்பில் இறங்கும் முன் அங்கே வேலை செய்பவரிடம், "அண்ணே, ரெண்டு போட்டோ எடுத்துக்கட்டுமா?" என்று கேளுங்கள். களத்தில் நெல் காய்ந்தால் செருப்போடு ஏறாதீர்கள். அவர் படத்தில் இருந்தால் அங்கேயே நம்பர் வாங்கி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். நடவு என்றைக்கு, அறுப்பு என்றைக்கு, எந்த ஏரியில் இன்னும் தண்ணீர் நிற்கிறது என்பதெல்லாம் எந்த மேப்பிலும் இல்லை, அவரிடம்தான் கேட்க வேண்டும்.