விமானத்தில் வைஃபைக்குக் காசு கொடுக்கலாமா?

தம்பி, சான் பிரான்சிஸ்கோவிலிருந்து துபாய் வழியாக முதல் தடவை சென்னைக்குப் போவதாகவும், வைஃபை பேக் வாங்கினால் வழியிலேயே ஆபீஸ் வேலையை முடிக்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேலையை நம்பி வாங்க வேண்டாம்.

பெரும்பாலான விமானங்களில் இணைப்பு வருவது பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோள் வழியாக. சிக்னல் போய்த் திரும்பவே அரை வினாடிக்கு மேல் ஆகும். மெயில் போகும். விபிஎன் (ஆபீஸ் நெட்வொர்க்குக்குப் பாதுகாப்பான இணைப்பு) போட்டு ஆபீஸ் சிஸ்டத்துக்குள் நுழைந்தால் ஒவ்வொரு க்ளிக்குக்கும் காத்துக் கிடக்க வேண்டும். போதாததற்கு அந்த ரூட்டில் விமானம் பல நாள் வடதுருவத்தை ஒட்டித்தான் போகும். அவ்வளவு வடக்கே அந்தச் செயற்கைக்கோள் அடிவானத்துக்குக் கீழே போய்விடுவதால் இணைப்பே அறுந்துவிடும்.

வீட்டுக்குத் தகவல் சொல்ல மட்டும் என்றால் காசே வேண்டாம். எமிரேட்ஸில் அவர்களுடைய பயணிகள் திட்டமான ஸ்கைவார்ட்ஸ் உறுப்பினருக்கு மெசேஜ் இலவசம். சேருவதும் இலவசம்தான், ஆனால் வீட்டிலிருந்தே சேர்ந்துவிடுங்கள். அப்புறம், மேலே போனபின் இந்திய வங்கிக் கார்டில் பணம் கட்டலாம் என்று இருக்காதீர்கள், ஏரோப்ளேன் மோடில் ஓடிபி பெரும்பாலும் வராது. அந்த மோடை மட்டும் எடுத்துவிடவே கூடாது. சில விமானங்களுக்குள்ளேயே ஒரு மொபைல் நெட்வொர்க் உண்டு, போன் தானாக அதில் ஒட்டிக்கொள்ளும். சாதாரண ரோமிங் பிளானில் அது பெரும்பாலும் சேராது, பில் எகிறிவிடும்.

ஊரில் யாராவது ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள், நொடிக்கு நொடி தகவல் வேண்டும் என்றால் யோசிக்காமல் வாங்குங்கள். அந்த நேரத்தில் டாலர் கணக்குப் பார்க்கக் கூடாது.

அடுத்த முறை டிக்கெட் விலை ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் வேறு வழிகளையும் பாருங்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2023 ஜூலை முதல் தன் பயணிகள் திட்டமான கிரிஸ்ஃப்ளையர் உறுப்பினர்களுக்கு எகானமியிலும் வைஃபையை இலவசமாகத் தருகிறது. கத்தார் ஏர்வேஸ் 2024 அக்டோபரில் போயிங் 777-களில் ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் இணையத்தைப் போட ஆரம்பித்தது. அந்தச் செயற்கைக்கோள்கள் சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில்தான் சுற்றுகின்றன, அதனால் அதில் ஆபீஸ் வேலையே பார்க்கலாம்.

துபாயில் இறங்கியதும் வாட்ஸ்அப்பில் கூப்பிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தால் இப்போதே மாற்றிச் சொல்லிவிடுங்கள். அங்கே வாட்ஸ்அப் கால் போகாது, மெசேஜ் மட்டும்தான் போகும்.