வீட்டிலேயே ஹேண்டில்பார் மாற்றலாமா?

கேள்வி: தினமும் 40 கிலோமீட்டர் புல்லட் ஓட்டுகிறேன். தோளும் நடுமுதுகும் வலிக்கின்றன. நான்கு அங்குலம் உயரமான ஹேண்டில்பார் வாங்கி நானே மாட்டிவிடலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: மாட்டலாம். ஆனால் காசு செலவழிக்கும் முன் இருக்கிற பாரையே சரியாக வைத்துப் பாருங்கள். பாரைப் பிடித்திருக்கும் கிளாம்ப் போல்ட்டுகளைத் தளர்த்தி, பாரை உங்கள் பக்கமாகக் கொஞ்சம் சுழற்றினால் கைப்பிடி ஓரிரு சென்டிமீட்டர் அருகே வரும். பலருக்கு வலி அதிலேயே குறைந்துவிடும். பார் சுழன்றால் லீவர்களும் கூடவே சுழன்றிருக்கும். அவற்றையும் திருப்பி வையுங்கள். சீட்டில் உட்கார்ந்து கையை நீட்டினால் முழங்கை, மணிக்கட்டு, விரல் மூன்றும் ஒரே கோட்டில் லீவர் மேல் விழ வேண்டும்.

அப்படியும் போதவில்லை என்றால் புது பார். நம் ஊர் வண்டிகள் பெரும்பாலானவற்றில் குழாயின் வெளிவிட்டம் 22 மி.மீ. சில பெரிய வண்டிகளில் கிளாம்ப் பிடிக்கும் நடுப்பகுதி மட்டும் 28.6 மி.மீ. இருக்கும். வெர்னியர் அளவுகோலால் அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

எவ்வளவு உயரம் போகலாம் என்பதை கேபிள்களிடமும், பிரேக் ஆயில் போகும் குழாயான பிரேக் ஹோஸிடமும்தான் கேட்க வேண்டும். டேங்க் மேல் பழைய போர்வையை விரியுங்கள். மேல் கிளாம்பைக் கழற்றி, பழைய பாரை எல்லாப் பாகங்களோடும் இரண்டு அங்குலம் தூக்கிப் பிடியுங்கள். இன்னொருவர் முன்சக்கரத்தை இரு பக்கமும் கடைசிவரை திருப்பட்டும். பாரையும் அதோடு சேர்த்துத் திருப்புங்கள். ஹோஸ் விறைத்தாலோ, கேபிள் வளைவே இல்லாமல் நிமிர்ந்து நின்றாலோ, இரண்டு அங்குலத்துக்கே இடமில்லை. நான்கு அங்குலம் என்றால் கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள், பிரேக் ஹோஸ் மூன்றுமே நீளமானதாக வேண்டியிருக்கும் என்று எண்ணி பட்ஜெட் போடுங்கள்.

ஹோஸைக் கழற்றினால், அதன் முனையைப் பிடித்திருக்கும் பாஞ்சோ போல்ட்டின் இருபுறச் செம்பு வாஷர்களைப் புதிதாகப் போடுங்கள். பழசு ஒருமுறை நசுங்கிய வாஷர், கசியும். பிறகு பிரேக் லைனில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் காற்று ஏபிஎஸ் பெட்டிக்குள் சிக்கினால் கையால் எடுப்பது கஷ்டம். ஹோஸ் வேலையை மட்டும் சர்வீஸ் சென்டரில் விடுங்கள். ஹோஸைக் கழற்றாவிட்டாலும், பிரேக் லீவரோடு ஆயில் தொட்டி சேர்ந்திருக்கும் மாஸ்டர் சிலிண்டரைத் தலைகீழாகத் தொங்கவிடாதீர்கள். பிரேக் ஆயில் பெயின்ட்டை அரிக்கும். சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

அடுத்தது, அதிகம் பேர் தவறு செய்யும் இடம். சுவிட்ச் பெட்டியின் உட்புறம் ஒரு சின்ன முளை இருக்கும். அது பாரில் உள்ள துளையில் உட்காரும். புது பாரில் துளை இல்லாவிட்டால் முளையை அரத்தால் ராவிவிடுகிறார்கள். அப்புறம் ஆக்சிலேட்டரை முறுக்கும்போது பெட்டியும் சேர்ந்து சுழலும், உள்ளே ஒயர் இழுபடும். துளை போடுவதுதான் சரி. பார், லீவர் எல்லாம் உங்களுக்குப் பொருந்தும் நிலையில் வைத்தபின், முளை நுனியில் சாக்பீஸ் தடவி பெட்டியை பாரில் அழுத்துங்கள். வெள்ளைப் புள்ளி விழும் இடத்தில், முளையின் அளவுக்கே குழாயின் ஒரு பக்கச் சுவரில் மட்டும் துளையிட்டு, பிசிறை ராவிவிடுங்கள்.

கிளாம்பை இறுக்குவதிலும் முறை உண்டு. மேல் கிளாம்பில் புள்ளிக் குறி இருந்தால் அந்தப் பக்கம் முன்னால் வரும். முன் போல்ட்டுகளை முதலில் முழுதாக இறுக்கி, பிறகு பின் போல்ட்டுகளை இறுக்க வேண்டும். பின்னால் தெரியும் இடைவெளி இருக்க வேண்டியதே. அதை மூடப் பார்த்தால் கிளாம்ப் விரிசல் விடும். குறி இல்லாத கிளாம்ப் என்றால் இரு பக்கமும் இடைவெளி சமமாக வரட்டும். 8 மி.மீ. போல்ட்டை இறுக்கும் முறுக்கு அளவு (டார்க்) பொதுவாக 20 முதல் 25 நியூட்டன் மீட்டர். உங்கள் வண்டியின் கையேடு வேறு அளவு சொன்னால் அதையே வையுங்கள்.

கேள்வி: உயரமான பார் போட்டதிலிருந்து, நின்றபடி ஹேண்டிலை இடதுபக்கம் ஒடித்தால் எஞ்சின் தானாக ரேஸ் ஆகிறது. ஏன்?
– வாசகர், ஈரோடு

பதில்: இதைச் சரிசெய்யும் வரை வண்டியை எடுக்காதீர்கள். யூ-டர்ன் அடிக்கும்போது, கிளட்சை விட்ட நொடியில் வண்டி பாய்ந்துவிடும்.

ஹேண்டில் திரும்பும்போது ஆக்சிலேட்டர் கேபிளின் உறை இழுபடுகிறது. உள்ளிருக்கும் கம்பி அதோடு இழுக்கப்பட்டு, எஞ்சினுக்குக் காற்று விடும் திராட்டிலைத் திறக்கிறது. கேபிள் பழைய பாதையிலேயே போகிறதா, ஹேண்டில் கழுத்தருகே ஜிப் டை போட்டு இறுக்கிக் கட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அந்த டையை வெட்டினாலே பாதி வண்டிகளில் கோளாறு போய்விடும். அதன்பின் அட்ஜஸ்டர். கிரிப் விளிம்பில் அளந்தால் 2 முதல் 6 மி.மீ. வரை வெற்று அசைவு (கேபிளை இழுக்காத அசைவு) இருக்க வேண்டும். நேராக நிற்கும்போது அது இருந்து, திருப்பியதும் காணாமல் போனால் கேபிள் நீளம் போதவில்லை. அட்ஜஸ்டரை இன்னும் திருகி மறைக்காதீர்கள், கேபிளை மாற்றுங்கள்.

கேள்வி: எனக்குக் கை சிறியது; பிரேக் லீவர் எட்டவில்லை. ஆன்லைனில் வாங்கிய அட்ஜஸ்டபிள் லீவர் போட்டேன். பத்து கிலோமீட்டர் ஓடியதும் முன்சக்கரம் பிடிக்கிறது.
– வாசகி, நாகர்கோவில்

பதில்: லீவரில் மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனைத் தள்ளும் மூக்கு ஒன்று உண்டு. வெளிச்சந்தை லீவர்கள் சிலவற்றில் அது அரை மில்லிமீட்டர் அதிகமாக இருக்கும். லீவரை விட்ட பிறகும் பிஸ்டன் முழுதாகப் பின்னால் வராது. ஆயில் தொட்டிக்குத் திரும்பும் நுண்துளை மூடியே இருக்கும். ஓட ஓட ஆயில் சூடேறி விரிகிறது, போக வழியில்லாமல் பேடை டிஸ்க்கோடு அழுத்துகிறது. பழைய லீவரை உடனே மாட்டுங்கள். எந்த லீவர் போட்டாலும் தொடக்கத்தில் சிறிது வெற்று அசைவு இருக்க வேண்டும். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றுங்கள். பிரேக் பிடித்து விட்டதும் தாராளமாகச் சுற்ற வேண்டும். பிரேக் லைட் எரிகிறதா, விட்டதும் அணைகிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: பார் மாற்றினால் போலீஸ் பிடிப்பார்களா?
– வாசகர், திருவள்ளூர்

பதில்: மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, ஆர்.சி. விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-ல் திருத்தப்பட்ட 182-ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. உங்கள் மாடலுக்கென்று தயாரிப்பாளரே விற்கும் பார் இருந்தால் அதையே வாங்கி, பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: புது கிரிப் உள்ளே ஏறவே மாட்டேன் என்கிறது. எண்ணெய் தடவலாமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: வேண்டவே வேண்டாம், கிரிப் கையோடு கழன்று வரும். இடது கிரிப்பின் உள்விட்டம் 22 மி.மீ., வலதுக்கு ஏறக்குறைய 25. வலதில் பிளாஸ்டிக் ஆக்சிலேட்டர் குழாய் இருப்பதே காரணம். மாற்றிப் போடுகிறீர்களா என்று பாருங்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை உள்ளே நனைத்துத் தள்ளினால் வழுக்கிப் போகும், பிறகு உலர்ந்து பிடித்துக்கொள்ளும். ஓர் இரவு காயவிடுங்கள். வலது கிரிப்புக்கும் பார் முனை எடைக்கும் நடுவே 1–2 மி.மீ. இடம் விடுங்கள். ஆக்சிலேட்டரை முழுதாக முறுக்கி விட்டால் சட்டென்று மூடிக்கொள்ள வேண்டும். ஹேண்டிலை இடது, வலது, நேர் என மூன்று நிலையிலும் வைத்துச் சோதியுங்கள்.

கேள்வி: யமஹாவில் வலது கண்ணாடியைக் கழற்ற எவ்வளவு முயன்றும் அசையவில்லை.
– வாசகர், அரக்கோணம்

பதில்: அந்தப் பக்கம் தலைகீழ் மரை. கடிகார முள் திசையில் திருப்புங்கள், வந்துவிடும். வேறு கண்ணாடி வாங்கும்போது கடையில் யமஹா வலதுபக்கம் என்று சொல்லிக் கேளுங்கள். சாதாரண மரைக் கண்ணாடியை அடித்துத் திருகினால் மாஸ்டர் சிலிண்டரின் மரையே போய்விடும்.